கப்பலில் கோடு போட்ட எம்.பி.

சரக்குக் கப்பலின் பக்கவாட்டில் ஒரு வட்டம் இருக்கும். வட்டத்தின் நடுவே குறுக்காக ஒரு கோடு. கப்பலில் எவ்வளவு சரக்கு ஏற்றலாம் என்பதற்கு அதுதான் அளவு. பருவத்துக்கும் தண்ணீருக்கும் தக்கபடி பக்கத்தில் வேறு கோடுகளும் உண்டு. அளவை மீறி ஏற்றினால், கோடு தண்ணீரில் முழுகிக் காட்டிக் கொடுத்துவிடும்!

இந்தக் கோட்டுக்காகப் போராடியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த சாமுவேல் பிளிம்சால். அவர் மந்திரி அல்ல. பார்லிமெண்டில் பின் வரிசையில் உட்கார்ந்த சாதாரண மெம்பர்!

சவப்பெட்டிக் கப்பல்

பிளிம்சால் 1824-ல் பிரிஸ்டல் நகரில் பிறந்தார். நிலக்கரி வியாபாரம் செய்தார். ஒரு சமயம் வியாபாரம் நொடித்தது. லண்டனில் ஏழைத் தொழிலாளர்களோடு தங்கி, வயிற்றைக் கட்டி வாழ்ந்தார். ஏழை படும் பாடு அப்போது புரிந்தது. பிறகு நிமிர்ந்தார். 1868-ல் டெர்பி தொகுதியில் ஜெயித்து எம்.பி. ஆனார்.

அந்தக் காலத்தில் சில முதலாளிகள் ஓட்டைக் கப்பலில் அளவுக்கு மீறிச் சரக்கு ஏற்றி அனுப்புவார்கள். கப்பல் முழுகினால் இன்ஷூரன்சு பணம் வந்துவிடும். மாலுமியின் உயிர் வருமா? அவன் மனைவி மக்களின் கதி என்ன? வேலைக்குக் கையெழுத்துப் போட்ட மாலுமி, ‘‘இந்தக் கப்பலில் ஏற மாட்டேன்’’ என்றால் அவனுக்கு ஜெயில்! ‘சவப்பெட்டிக் கப்பல்’ என்றே அவற்றை ஜனங்கள் சொன்னார்கள்.

1873-ல் ‘நமது மாலுமிகள்’ என்ற புத்தகத்தைப் பிளிம்சால் வெளியிட்டார். நாடு திடுக்கிட்டது. விசாரணைக் கமிஷன் அமைக்கப்பட்டது.

சபையில் அமளி

1875-ல் கப்பல் மசோதா பார்லிமெண்டுக்கு வந்தது. ஜூலை 22-ந் தேதி, அதைக் கைவிடுவதாகப் பிரதம மந்திரி டிஸ்ரேலி அறிவித்தார்.

பிளிம்சாலுக்கு ஆத்திரம் பொங்கியது. முஷ்டியை உயர்த்திக் கூச்சலிட்டார். மாலுமிகளைச் சாவுக்கு அனுப்பும் பாதகர்களின் முகமூடியைக் கிழிப்பேன் என்றார். சபையை விட்டு வெளியேறும்படி சபாநாயகர் உத்தரவிட்டார்.

ஒரு வாரம் சென்றது. பிளிம்சால் சபைக்கு வந்து, கடுஞ்சொல்லுக்கு மன்னிப்புக் கேட்டார். ஆனால், எடுத்துச் சொன்ன உண்மை எதையும் வாபஸ் வாங்கவில்லை!

அதற்குள் ஊர் ஊராக ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள். அரசாங்கம் பணிந்தது. அந்த ஆண்டே தற்காலிகச் சட்டம் வந்தது. 1876-ல் நிரந்தரச் சட்டம் வந்தது.

திருடன் கையில் சாவி

கப்பலில் கோடு கட்டாயம் என்றது சட்டம். ஆனால், எந்த உயரத்தில் போடுவது என்பதை முதலாளியே தீர்மானிக்கலாம்! திருடன் கையில் சாவியைக் கொடுத்த கதைதான். 1890-ல் வந்த சட்டமே அந்தச் சாவியைப் பிடுங்கியது.

அப்போது பிளிம்சால் எம்.பி. அல்ல. 1880-லேயே தன் இடத்தை வேறொருவருக்கு விட்டுக் கொடுத்திருந்தார். 1898-ல் காலமானார். 1930-ல் பல நாடுகள் கூடி, இந்த அளவுக்கு ஓர் ஒப்பந்தம் செய்து கொண்டன.

மந்திரி பதவி அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. ஆனால் அந்தக் கோட்டுக்கு இன்றும் ‘பிளிம்சால் கோடு’ என்றே பெயர்.