தாழ்வாரத்தில் மட்டை பிடித்த தமிழ்ப் பெண்
உலகச் சாதனை படைத்த மித்தாலி ராஜ்

செகந்திராபாத்தில் வளர்ந்த ஒரு தமிழ்ப் பெண், 23 ஆண்டுகள் இந்தியாவுக்காகக் கிரிக்கெட் ஆடினார். அவர் மித்தாலி ராஜ்.

2022-ம் ஆண்டு ஜூன் மாதம் அவர் ஓய்வு பெற்றார். அப்போது, ஒரு நாள் ஆட்டங்களில் உலகிலேயே அதிக ரன் குவித்த பெண் அவர்தான். 232 ஆட்டங்களில் 7,805 ரன்!

தூக்கம் போக்க வந்த ஆட்டம்

தந்தை துரைராஜ் விமானப்படையில் பணியாற்றியவர். தாய் லீலா. 1982-ம் ஆண்டு டிசம்பர் 3-ந் தேதி ராஜஸ்தான் மாநிலம் ஜோத்பூரில் மித்தாலி பிறந்தார். பிறகு குடும்பம் செகந்திராபாத்தில் குடியேறியது.

சின்ன வயதில் காலையில் எழுந்திருப்பது என்றாலே மித்தாலிக்கு வேப்பங்காய். மகள் சோம்பேறியாகி விடக்கூடாதே என்று, கிரிக்கெட் பயிற்சிக்குப் போன அண்ணனுடன் அவரையும் அழைத்துச் சென்றார் தந்தை. வந்த வழி அதுதான்!

சலங்கையா, மட்டையா?

மித்தாலி பரதநாட்டியமும் கற்று வந்தார். இரண்டையும் சேர்த்து நடத்த முடியாத நிலை வந்தது. நடனத்தை விடுவதில் தாத்தா, பாட்டிக்கு விருப்பம் இல்லை. ஆனாலும் மித்தாலி மட்டையையே தேர்ந்தெடுத்தார்.

பயிற்சியாளர் சம்பத்குமார் கண்டிப்பானவர். பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் நிறுத்திப் பந்து வீசுவார். குறுகலான இடம். இரு பக்கச் சுவரிலும் படாமல் பந்தை நேராக அடிக்க வேண்டும். பிற்காலத்தில் உலகம் வியந்த நேர்த்தியான ஆட்டம் அங்கே பிறந்தது. மாணவி இந்தியாவுக்காக ஆடியதைக் காண அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. சாலை விபத்தில் காலமாகிவிட்டார்.

முதல் ஆட்டத்தில் சதம்

1999-ம் ஆண்டு ஜூன் 26-ந் தேதி, இங்கிலாந்தில் மில்டன் கீன்ஸ் என்ற ஊரில் அயர்லாந்துடன் ஆட்டம். மித்தாலிக்கு வயது 16. முதல் ஆட்டத்திலேயே ஆட்டம் இழக்காமல் 114 ரன் எடுத்தார். உடன் ஆடிய ரேஷ்மா காந்தியும் சதம் அடித்தார். விக்கெட் இழப்பின்றி 258 ரன்!

டெஸ்ட் தொடக்கமோ நேர்மாறானது. 2002 ஜனவரியில் லக்னோவில் இங்கிலாந்துக்கு எதிரான முதல் டெஸ்டில் பூஜ்யம். துவண்டு விடவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில், அதே இங்கிலாந்தை அதன் மண்ணிலேயே சந்தித்தார். டான்டன் மைதானத்தில் 214 ரன்! பெண்கள் டெஸ்டில் அது அப்போது உலகச் சாதனை.

ஆட்டத்துக்கு ஆயிரம் ரூபாய்

அந்த நாட்களில் பெண்கள் கிரிக்கெட்டை யார் கவனித்தார்கள்? 2006-ம் ஆண்டு வரை அதைத் தனிச் சங்கம் ஒன்றுதான் நடத்தியது. பணம் இல்லை. முன்பதிவு இல்லாத ரயில் பெட்டியில் மூட்டை முடிச்சுகளோடு பயணம். மித்தாலிக்குக் கைகொடுத்தது ரயில்வே வேலை.

2005-ல் அவர் தலைமையில் இந்தியா முதல் முறையாக உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை எட்டியது. ஆஸ்திரேலியாவிடம் தோற்றது. அந்தப் போட்டியில் ஒவ்வொருவருக்கும் கிடைத்தது ஆட்டத்துக்கு 1,000 ரூபாய்.

2017-ல் லார்ட்ஸ் மைதானத்தில் மீண்டும் இறுதி ஆட்டம். 3 விக்கெட்டுக்கு 191 என்று வெற்றியை நெருங்கிய இந்தியா, 219 ரன்னில் சுருண்டது. 9 ரன்னில் கோப்பை கை நழுவியது!

தமிழில் பதில்

2019-ல் சமூக வலைத்தளத்தில் ஒருவர், இவருக்குத் தமிழ் தெரியாது என்று குறை சொன்னார். தமிழ் தன் தாய்மொழி, அது தனக்குப் பெருமை என்று தமிழிலேயே எழுதிப் பதில் கொடுத்தார் மித்தாலி. எந்த ஊரில் பிழைத்தாலும் வீட்டு மொழி மறக்குமா?

2022 மார்ச் 27-ந் தேதி, நியூசிலாந்தில் கடைசி ஆட்டம். தென்ஆப்பிரிக்காவுக்கு எதிராக 68 ரன் எடுத்தார். இந்தியா கடைசிப் பந்தில் தோற்றது. 6 உலகக் கோப்பைகளில் ஆடியும் கோப்பையை வென்றதில்லை.

அதே ஆண்டு அக்டோபரில், ஆண்களுக்குச் சமமாகப் பெண்களுக்கும் ஆட்ட ஊதியம் என்று கிரிக்கெட் வாரியம் அறிவித்தது. ஒரு நாள் ஆட்டத்துக்கு 6 லட்சம் ரூபாய்! ஓய்வு பெற்றுவிட்ட மித்தாலிக்கு அதில் ஒரு காசும் இல்லை.

2025 நவம்பர் 2-ந் தேதி, நவி மும்பையில் தென்ஆப்பிரிக்காவை 52 ரன்னில் வென்று இந்தியப் பெண்கள் உலகக் கோப்பையைக் கைப்பற்றினார்கள். மித்தாலி மைதானத்தில் இருந்தார். வென்ற பெண்கள் கோப்பையை அவர் கையில் கொடுத்தார்கள். அவர் அதை உயர்த்திப் பிடித்தார்.