பொழுதுபோக்குக்கும் ஒரு லிமிட் சுவிட்ச்!



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டால் 'உழைப்பே உயர்வு' என்று எழுதுவதுதான் வழக்கம். உழைப்பைப் பற்றி நம் ஆசிரியப் பெருமக்கள் தினமும் வகுப்பில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அதனால் நான் கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன். உழைக்காத நேரத்தைப் பற்றி எழுதுகிறேன்!

சனி, ஞாயிறு வந்தால் மலைக்குப் போவதா? ரூமில் உட்கார்ந்து வீடியோ கேம் ஆடுவதா? எதை வைத்து முடிவு செய்வது? "இதெல்லாம் ஒரு விஷயமாப்பா?" என்று சிரிக்காதீர்கள். மூன்றாம் ஆண்டுக்கு வந்து திரும்பிப் பார்த்தால், நம்மோடு சேர்ந்தவர்களில் சிலரைக் காணோம். அவர்களில் ஒருவனைத் தோற்கடித்தது கணக்குப் பாடம் இல்லை, பொழுதுபோக்கு! அவன் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் ஒரு கணக்கு

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கத்துக்கு நாள் ஒன்றுக்கு 8 வீதம் 56. கல்லூரிக்கு 40. பஸ்ஸில் போய் வர 10. குளியல், சாப்பாடு, துணி துவைப்பது எல்லாம் சேர்த்து 21. ரெக்கார்டு, டிராயிங், படிப்பு என்று தினம் 2 மணி வீதம் 14. கூட்டினால் 141. மீதி 27 மணி நேரம் நம் கையில்.

செமஸ்டருக்கு 16 வாரம் என்று வைத்துக்கொண்டால் 432 மணி. ஆறு செமஸ்டருக்கு 2,592 மணி! இவ்வளவு பெரிய சொத்தை யாரும் கணக்குப் பார்த்துச் செலவழிப்பதில்லை. அது பாட்டுக்குக் கரைகிறது. வேலைக்குப் போன சீனியர் அண்ணன்களைக் கேட்டுப் பாருங்கள். ஷிப்ட் முடிந்து ரூமுக்கு வந்தால் படுக்கத்தான் தோன்றுகிறது என்பார்கள். ஓய்வு நேரத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று பழக இதுதான் வயசு.

மலை என்ன தருகிறது?

மேலே போகப் போகக் குளிர்வதற்குக் காரணம் நமக்குத் தெரிந்த தெர்மல் பாடம்தான். மேலே ஏறும் காற்றின் மீது அழுத்தம் குறைகிறது, காற்று விரிகிறது, விரியும்போது குளிர்கிறது. சராசரியாக 1,000 மீட்டருக்கு 6.5 டிகிரி குறையும். மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,900 மீட்டர். ஆகவே கீழே 35 டிகிரி வேர்த்துக் கொட்டும்போது மேலே 23 டிகிரியில் ஸ்வெட்டர் கேட்கும்.

அந்த மலை ரயில் நம் மெக்கானிக்கல் பிரிவினருக்கு ஓடும் பாடப் புத்தகம். 1899-இல் குன்னூர் வரையும், 1908-இல் ஊட்டி வரையும் வந்தது. மொத்தம் 46 கிலோமீட்டர். 208 வளைவுகள், 16 சுரங்கங்கள், 250 பாலங்கள். கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டைகள் இரண்டு ஓடுகின்றன. இன்ஜினின் பல்சக்கரம் அதில் கடித்துக் கடித்து ஏறுகிறது. இரண்டு பட்டைகளின் பற்களும் ஒன்றுக்கொன்று தள்ளி வைக்கப்பட்டிருப்பதால் எந்த நேரத்திலும் பிடி விடுபடாது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் கண்டுபிடித்த முறை இது. ரேக் அண்ட் பினியன் என்று தேர்வுக்கு மனப்பாடம் செய்ததை, ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து காதால் கேட்கலாம்! 2005-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

ஊட்டி வரை பட்ஜெட் இடம் கொடுக்காவிட்டால் கொல்லிமலை இருக்கிறது. போன வருஷம் நாங்கள் ஆறு பேர் போனோம். 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆகாயகங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் அதிகமான படிகள். இறங்குகையில் பாட்டு, ஏறுகையில் மூச்சு! தலைக்கு 700 ரூபாய் ஆனது. 14 மணி நேரப் பயணம் என்றால் மணிக்கு 50 ரூபாய். ஒரு நாளுக்கு அதிகம்தான். ஆனால் அந்த நாளைப் பற்றி இன்று வரை மெஸ்ஸில் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில், காய்ந்த புல் காட்டில் தீப்பிடித்து, மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் இளைஞர்கள். கோடையில், அனுமதியில்லாத பாதையில், "நான் பார்த்துக்கறேன் வாடா" என்று யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 மலையேற்றப் பாதைகளைத் தேர்ந்தெடுத்து, வழிகாட்டியோடு போக ஏற்பாடு செய்தது. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் போக 2024 மே 7 முதல் இ-பாஸ் முறையும் வந்தது. கிளம்பும் முன் விசாரித்துக்கொள்வது நல்லது.

வீட்டுக்குள் வந்த விளையாட்டு

இனி மலையிலிருந்து இறங்கி டிவி முன்னால் உட்காருவோம். "வீடியோ கேம் கெட்டது" என்று ஒரே போடாகப் போட எனக்கு விருப்பமில்லை. அதைச் செய்தவர்கள் நம்மைப் போன்ற டெக்னிக்கல் ஆட்கள்தான்.

ரால்ஃப் பேர் என்பவர் டிவி தொழில்நுட்பம் படித்த பொறியாளர். நாஜிக்களின் கொடுமைக்குத் தப்பி 1938-இல் ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா போன குடும்பம். வீட்டில் இருக்கும் டிவிப் பெட்டியைப் பார்க்க மட்டும்தானா பயன்படுத்த வேண்டும், அதில் விளையாடினால் என்ன என்று 1966-இல் யோசித்தார். அதன் பலனாக 1972-இல் வந்த மேக்னவாக்ஸ் ஒடிஸிதான் உலகின் முதல் வீட்டு வீடியோ கேம் பெட்டி. 1984-இல் மாஸ்கோவில் கம்ப்யூட்டர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த அலெக்ஸி பஜித்னோவ், கட்டங்களை அடுக்கும் டெட்ரிஸ் விளையாட்டை எழுதினார். 1985-இல் ஜப்பானின் சூப்பர் மேரியோ வந்தது. 90-களில் நம் ஊர் அண்ணன்மார் டிவியில் கேசட் செருகி ஆடியது இந்த வகைதான்.

இந்த விளையாட்டுகள் ஏன் இப்படி இழுக்கின்றன? மிஹாய் சிக்சென்ட்மிஹாயி என்ற உளவியலாளர் 1990-இல் எழுதிய 'ஃப்ளோ' என்ற நூலில் இதற்கு விளக்கம் இருக்கிறது. (பெயரைப் படித்து நாக்கு சுளுக்கினால் நான் பொறுப்பல்ல!) வேலை நம் திறமையை விடச் சுலபமாக இருந்தால் போரடிக்கும். ரொம்பக் கடினமாக இருந்தால் பயம் வரும். இரண்டும் சமமாக இருக்கும்போதுதான் மனசு அதிலேயே கரைந்து, நேரம் போவது தெரியாது. லேத்தில் ஒரு ஜாப் சரியாக வரும்போது லஞ்ச் பெல் காதில் விழாதே, அதே நிலைதான். நல்ல வீடியோ கேம், நம் கை தேறத் தேறக் கஷ்டத்தை ஏற்றிக்கொண்டே போகும்.

எங்கள் விங்கில் எட்டுப் பேர் சேர்ந்து, தலைக்கு 500 ரூபாய் போட்டு ஒரு பழைய கேம் பெட்டி வாங்கினோம். வருஷத்தில் 40 ஞாயிறு, 3 மணி நேரம் என்றால் 120 மணி. மணிக்கு நாலு ரூபாய் சொச்சம். கொல்லிமலையை விட எவ்வளவு மலிவு! சண்டை, கிண்டல், சிரிப்பு எல்லாம் இலவச இணைப்பு.

அப்படியானால் பைசா செலவில்லாத செல்போன் கேம் இன்னும் மலிவுதானே? இங்கேதான் விஷயமே இருக்கிறது.

லிமிட் சுவிட்ச் எங்கே?

ஒர்க் ஷாப் கிரேனில் கொக்கி மேலே ஏறும்போது ஆபரேட்டர் மறந்துவிட்டால் என்ன ஆகும்? குறிப்பிட்ட உயரத்தில் லிமிட் சுவிட்ச் தட்டி மோட்டாரை நிறுத்திவிடும். அது இல்லையென்றால் ரோப் அறுந்து லோடு கீழே வரும்.

மலைப் பயணத்துக்குக் கடைசி பஸ் ஒரு லிமிட் சுவிட்ச். சினிமாவுக்கு வணக்கம் கார்டு. சூப்பர் மேரியோவில் 8 உலகம், உலகத்துக்கு 4 வீதம் 32 கட்டம், ஜெயித்தால் முடிந்தது. எங்கள் கேம் பெட்டிக்கு, அடுத்த டீம் வந்து "எழுந்திருங்கடா" என்பதே லிமிட் சுவிட்ச். செல்போனில் ஓயாமல் ஓடும் பல கேம்களுக்கு முடிவே கிடையாது. தினமும் வந்தால் பரிசு, இன்று வராவிட்டால் நஷ்டம், பெட்டியைத் திறந்தால் என்ன வருமோ என்ற ஆவல்... நிறுத்தும் சுவிட்சைத் திட்டமிட்டே கழற்றிவிட்டார்கள்.

'என்ன வருமோ' என்பதன் சூட்சுமம் பழையது. ஸ்கின்னர் என்ற அமெரிக்க விஞ்ஞானி புறாக்களை வைத்துச் சோதனை செய்தார். இத்தனை முறை கொத்தினால் தீனி என்று நிச்சயமாக இருந்தால், தீனி கிடைத்ததும் புறா சற்று ஓய்வெடுத்தது. எத்தனையாவது கொத்தலில் தீனி வரும் என்று தெரியாதபோது, ஓயாமல் கொத்திக்கொண்டே இருந்தது! சூதாட்ட இயந்திரங்கள் வேலை செய்வது இதே விதியில்தான்.

இப்போது அந்த நண்பன் கதை. லேத்தில் எங்கள் பேட்சிலேயே அவன் கைதான் சுத்தம். வெர்னியர் வைத்துப் பார்த்தால் சார் சொன்ன அளவு அப்படியே நிற்கும். அப்பா விசைத்தறித் தொழிலாளி. இரண்டாம் ஆண்டில் பணம் கட்டி ஆடும் ரம்மி ஒன்றைச் செல்போனில் ஆரம்பித்தான். முதல் வாரம் 200 ரூபாய் ஜெயித்து எல்லோருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தான். அந்த 200 ரூபாய்தான் தூண்டில் புழு! அப்புறம் விட்டதைப் பிடிக்க ஆடினான். போனிலேயே கடன் வாங்கினான். தேர்வுக் கட்டணமும் போனது. கடன் கொடுத்தவர்கள் வீட்டுக்குப் போன் செய்து கத்திய பிறகுதான் அப்பாவுக்கே விஷயம் தெரிந்தது. மறு செமஸ்டர் அவன் வரவில்லை. இன்று அப்பாவோடு தறியில் நிற்கிறான். தறி வேலை கேவலமில்லை. ஆனால் அந்தக் கைக்கு லேத் காத்திருந்தது.

2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. சட்டம் கதவைச் சாத்தும். மனசுக்குள் இருக்கும் ஆசையைச் சாத்துவது நாம்தான். கட்டுப்பாடில்லாமல் ஆடுவதை நோய் என்றே உலக சுகாதார நிறுவனம் தன் பட்டியலில் சேர்த்து, 2022 ஜனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது. நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும் விட ஆட்டமே முக்கியமாகிப் போவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். உங்கள் ரூம்மேட்டிடம் இதைப் பார்த்தால் கிண்டல் செய்யாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். 14416 என்ற டெலி மனஸ் எண்ணுக்குப் போன் செய்தால் இலவசமாக ஆலோசனை கிடைக்கும்.

நடுவிலே ஒரு வழி

மலைக்குக் காசில்லை, கேமுக்கு மனசில்லை என்றால்? காமன் ரூமில் கேரம் போர்டு தூசி படிந்து கிடக்கிறதே! சென்னையில் இருந்து போய் 1991-லும் 1995-லும் உலகக் கேரம் சாம்பியன் ஆனவர் மரிய இருதயம். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, சென்னை ஆட்டோ ஓட்டுநரின் மகள். கேரம் ஆட வேண்டியது ஒரு பலகை, கொஞ்சம் பவுடர், எதிரே ஒரு நண்பன். பலகை காலியானதும் ஆட்டம் முடிந்துவிடும். இயற்கையான லிமிட் சுவிட்ச்!

எப்படித் தேர்ந்தெடுப்பது?

எந்தப் பொழுதுபோக்குக்கும் நான் கேட்கும் கேள்விகள் நாலு.

ஒன்று: இது எப்போது முடியும்? தானாக முடியாது என்றால், ஆரம்பிக்கும் முன்பே அலாரம் வைத்து, போனை நண்பனிடம் கொடுத்துவிடுங்கள்.

இரண்டு: யாருடைய காசு? வீட்டிலிருந்து வந்த காசு என்றால், எதற்குச் செலவானது என்று அம்மாவிடம் சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடியாத செலவு வேண்டாம்.

மூன்று: யாரோடு? பத்து நண்பர்களுக்கு மத்தியில் தனியாகப் போனில் மூழ்குவது வாரத்தில் எத்தனை நாள் என்று எண்ணிப் பாருங்கள்.

நாலு: திங்கட்கிழமை காலை எப்படி இருக்கிறது? உடம்பு அசந்திருந்தாலும் மனசு தெளிவாக இருந்தால் அது நல்ல பொழுதுபோக்கு. மனசே அசந்து போயிருந்தால் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

ஒருவருக்கு மலை, இன்னொருவருக்கு வீடியோ கேம், வேறொருவருக்கு நூலகத்தில் ஒரு மூலை. ரசனையில் உயர்வு தாழ்வு இல்லை. எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஆன் செய்யும் கையே ஆஃப் செய்யவும் பழகியிருக்க வேண்டும். நாளை நம் கையில் பெரிய பெரிய மெஷின்களை ஒப்படைக்கப் போகிறார்கள். அதற்கு முன்பே நம் 27 மணி நேரத்துக்கு நாமே நல்ல ஆபரேட்டராக இருப்போமே!

என்ன நண்பர்களே, நான் சொல்வது சரிதானே?