அச்சம் அகன்றால் ஆக்கம் பிறக்கும்

மனிதனின் முன்னேற்றத்திற்குக் குறுக்கே நிற்கும் தடைகள் பல. வறுமை ஒரு தடை. கல்வியின்மை மற்றொரு தடை. இவ்விரண்டினும் வலிய தடையொன்று நம் உள்ளத்திலேயே குடியிருக்கின்றது. அதுவே அச்சம். "நம்மால் ஆகுமா?" என்னும் ஐயம் எழுந்த மாத்திரத்தில் முயற்சியைக் கைவிடுவோர் நம்மிடையே பலர்.

எல்லா அச்சமும் தீயதன்று. விடியற்காலை இருளில் நிரைக்குச் செல்லுங்கால், காலடியில் பாம்பு கிடக்குமோ என அஞ்சி விளக்கொளியில் பார்த்து நடக்கின்றோம். அவ்வச்சம் உயிரைக் காக்கின்றது. விளக்கை ஏந்தச் செய்யும் அச்சம் நன்று. வீட்டுப் படியைத் தாண்டவிடாத அச்சம் தீது. இவற்றைப் பிரித்தறிதலே வெற்றிக்கு முதற்படி.

தொழில் தரும் பாடம்

முதன்முதலாகப் பால்வெட்டும் கத்தியைப் பிடித்த நாளைச் சற்று எண்ணிப் பார்ப்போம். பட்டையின் உட்பகுதியில்தான் பால்குழாய்கள் மிகுதி. அதற்கும் உள்ளே, பட்டையைப் புதிதாக வளர்க்கும் மெல்லிய படை இருக்கின்றது. கத்தி அப்படையைத் தொட்டால் மரம் காயப்படும். பின்னர் வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகும். ஆகவே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு வெட்ட வேண்டும்.

காயத்திற்கு அஞ்சும் புதியவர் மேலோட்டமாகவே வெட்டுவார். மரம் தப்பும், மங்கு நிறையாது. இவ்வச்சம் நீங்குவது எவ்வாறு? வெட்டி அகற்றப்படவிருக்கும் முதிய மரங்களில் பழகுவதே வழி. தவறு நேர்ந்தாலும் இழப்புச் சிறிதாகும் இடத்தில் பயின்று, பின்னர் நல்ல மரத்திற்குச் செல்கின்றார். கைப்பழக்கம் வர வர அச்சம் தானே விலகுகின்றது. வாழ்க்கைக்கும் இதுவே முறை.

துண்டாடலும் துணிவும்

1950-களில் வெளிநாட்டவர் பலர் தம் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியோர் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி விற்றனர். தோட்டத் துண்டாடல் எனப்பட்ட இதனால் தொழிலாளர்கள் பிழைப்பை இழந்தனர். வேலையோடு சேர்ந்த லயத்து வீட்டையும் இழந்தனர். அடுத்தது நம் தோட்டமோ என்ற கலக்கம் எங்கும் நிலவியது.

அந்நிலையில், 1960-ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பின்னாளில் துன் பட்டம் பெற்ற வீ. தி. சம்பந்தன் அவர்கள் தோட்டந்தோறும் சென்று, தவணையாகப் பணம் செலுத்திப் பங்கு சேருமாறு தொழிலாளரை வேண்டினார். நாட்கூலி பெறுவோர்க்கு அது எளிதன்று. போட்ட பணம் திரும்புமா, கூலிக்காரர் தோட்டம் வாங்குவது நடக்கிற காரியமா எனப் பலர் தயங்கியிருப்பர். ஆயினும் துணிந்து பங்கு சேர்ந்தோர் பலர். அடுத்த ஆண்டே, 1961-இல், கெடா மாநிலத்தின் புக்கிட் சிடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது.

தனியொருவரால் ஒரு தோட்டத்தை வாங்கியிருக்க இயலுமா? இயலாது. அச்சத்தைப் பலர் பகிர்ந்துகொண்டபோது அது சிறுத்தது. சேமிப்பைப் பலர் சேர்த்தபோது அது பெருத்தது.

நாம் செய்யத்தக்கவை

முதலாவதாக, எதற்கு அஞ்சுகின்றோம் என்பதைச் சொல்லிப் பார்க்க வேண்டும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அன்றோ? தொழிற்பயிற்சிக்கு விண்ணப்பிக்கத் தயங்கும் இளைஞரைக் கேட்டால், பயிற்சியன்று, பாரத்தை நிரப்புவதே அவருடைய அச்சம் என்பது புலனாகும். அதனைத் தீர்க்க எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரின் அரைமணி நேர உதவி போதும்.

இரண்டாவதாக, குறிக்கோளைச் சிறு படிகளாக வகுத்துக்கொள்ள வேண்டும். சொந்த வீடு என்பது மலைப்பைத் தரும். இம்மாதச் சேமிப்பு என்பது கைக்கெட்டும்.

மூன்றாவதாக, துணை தேட வேண்டும். கேள்வியும் கேட்க வேண்டும். பணம் செலுத்துமுன் விதிகளை விளங்கிக்கொள்வதும், செலுத்தியபின் பற்றுச்சீட்டுப் பெறுவதும் கோழைத்தனமல்ல. அவை இருளில் ஏந்தும் விளக்குப் போன்றவை.

நம் பிள்ளைகள் நம்மைப் பார்த்தே வளர்கின்றனர். "நமக்கேன் வம்பு?" என்று நாம் ஒதுங்கினால், அச்சொல்லையே அவர்களும் கற்பர். பெரட்டுக்குப் பின்தங்காத நம் கால்கள், முன்னேற்றத்தின் வாயிலில் மட்டும் தயங்கலாமா? இன்றே ஒரு சிறு அடியை எடுத்து வைப்போமாக.