பழைய காருக்கு வேறு என்ஜின்: உடற்கூடும் சட்டமும்

பழைய அம்பாசடர் காரை வைத்திருப்பவர், தேய்ந்துபோன என்ஜினை இறக்கிவிட்டு இழுவைத் திறன் மிகுந்த வேறொன்றைப் பொருத்த விரும்புவது இயல்பே. ஆயினும் அந்த மாற்றம் பட்டறையில் முடிந்துவிடுவதில்லை. வட்டாரப் போக்குவரத்து அலுவலகமும் அதை ஏற்றாக வேண்டும். சங்கரன்கோவிலில் டிஎன் 79 வரிசையில் பதிவான காராயினும் டெல்லியில் பதிவான காராயினும் இதில் சட்டம் ஒன்றே.

மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில், மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடியொற்றி, இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1950களின் இறுதி முதல் 2014 வரை தயாரித்த அம்பாசடருக்கு, லாரிக்கும் ஜீப்புக்கும் உள்ளதைப் போன்ற தனிச் சேசிஸ் கிடையாது. தரைத்தகடும் பக்கச் சட்டங்களும் கூரையும் ஒன்றாக வெல்டிங் செய்யப்பட்ட உடற்கூடே எடை முழுவதையும் தாங்குகிறது. இந்த அமைப்புக்கு மோனோகாக் என்று பெயர். முன்சக்கரங்களுக்கு ஸ்பிரிங்காக வேலை செய்பவை, டார்ஷன் பார் எனப்படும் முறுக்குத் தண்டுகள். அவை நீளவாக்கில் அமைந்து, பின்முனையில் காரின் அடிப்பாகத்தோடு பிணைக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே, பெரிய கியர்பாக்ஸுக்கு இடம் வேண்டி அந்தப் பகுதியை அறுத்தால், முன்சக்கரங்களின் பிடிமானமே தளர்ந்துபோகும். எடை கூடிய டீசல் என்ஜினை ஏற்றினாலோ, பழைய எடைக்கென வடிவமைக்கப்பட்ட பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கூடுதல் சுமையைத் தாங்க நேரிடும்.

சட்டத்தின் கவலையும் இதுவே. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கும் பதிவுச் சான்றின் (ஆர்.சி.) விவரங்களுக்கும் முரண்பாடு ஏற்படும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. அடிப்படை இயல்பை மாற்றும் கட்டமைப்பு மாற்றத்தையே அது ‘மாற்றம்’ என விளக்குகிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 182ஏ பிரிவு இடமளிக்கிறது.

உற்பத்தி நிறுவனமே 1990களில் 1.8 லிட்டர் இசுசு என்ஜினுடன் அம்பாசடரை விற்றது உண்மைதான். எனினும், 1,489 சிசி என்ஜினுடன் பதிவான காரில் அதைப் பொருத்த அந்த ஒன்று மட்டுமே உரிமை தந்துவிடாது. ஏனெனில் சட்டம் ஒப்பிட்டுப் பார்ப்பது அந்தந்தக் காரின் மூல விவரத்தையே. அதே தயாரிப்பில் அதே வகை என்ஜினை, பதிவு அதிகாரியின் அனுமதியுடன் பொருத்தி, புதிய எண்ணை ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்வதே நேரான வழி. எரிபொருளை மாற்ற விரும்புவோருக்கு, அங்கீகாரம் பெற்ற சிஎன்ஜி, எல்பிஜி, பேட்டரி மாற்றுக் கருவித் தொகுப்புகளைச் சட்டம் அனுமதிக்கிறது.

ஐம்பது ஆண்டுகளைக் கடந்த காருக்கு இன்னொரு இழப்பும் உண்டு. 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி ‘விண்டேஜ்’ பதிவு பெற, சேசிஸ், உடற்கூடு, என்ஜின் ஆகியவற்றில் பெரும் மாற்றமின்றி மூல வடிவம் காக்கப்பட்டிருக்க வேண்டும். ஆகவே என்ஜினை மாற்றியவர் அந்தத் தகுதியையே இழக்க நேரிடும்.

தனியார் காரின் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. அப்போது, சேசிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் அச்சும் என்ஜின் எண்ணும் ஆர்.சி.யோடு ஒப்பிடப்படும். எண்கள் பொருந்தாவிட்டால் புதுப்பிப்பு நின்றுபோவதோடு, விபத்து நேர்ந்தால் காப்பீட்டு இழப்பீடும் சிக்கலாகும். எனவே பழைய காரை நேசிப்பவர் முதலில் விண்ணப்பத்தை எழுதி, அனுமதி கைக்கு வந்த பின்னரே வெல்டரை அழைக்க வேண்டும். அந்த வரிசையே காரையும் அதில் பயணிப்போரையும் காக்கும்.