பனிக்கால விருந்தில் கோப்பையை நிரப்புமுன்

டிசம்பர் பிறந்தால் ஆனேக்கல் பக்கம் பொழுது சாயும்போதே குளிர் இறங்கிவிடும். அவரைக்காய் சந்தைக்கு வரும். சந்தாபுரா, பொம்மசந்திரா அடுக்ககங்களில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு விருந்துகள் தொடங்கும். பட்டையும் கிராம்பும் போட்டுச் சூடாக்கிய ஒயின், தேன் எலுமிச்சை சேர்த்த வெந்நீர் ரம், பாலும் முட்டையும் அடித்த எக்நாக் என்று இப்போது வீட்டுக்காரரே காக்டெயில் கலக்குகிறார். மதுவில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் குடிப்பது அவரவர் முடிவு. ஆனால் விருந்தாளியின் கையில் கோப்பையைக் கொடுப்பவருக்குத் தனிப் பொறுப்பு உண்டு.

ரம் குளிரைப் போக்குமா?

போக்காது. மது உள்ளே போனதும் தோலின் கீழுள்ள ரத்தக் குழாய்கள் விரிகின்றன. சூடான ரத்தம் தோலுக்கு வருவதால் கதகதப்பாகத் தோன்றுகிறது. அதே வழியாக உடலின் உட்சூடு வெளியேறுகிறது. மொட்டை மாடியில் குடித்துவிட்டு அங்கேயே தூங்கிவிடும் பெரியவர்களுக்கு இது ஆபத்து. அந்தக் கோப்பையில் உண்மையாகவே இதம் தருபவை வெந்நீரும் இஞ்சியும் மிளகும்தான்.

இனிப்புக்குள் ஒளியும் கணக்கு

வீட்டுக் காக்டெயிலில் எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். 42.8 விழுக்காடு ரம்மோ விஸ்கியோ 30 மில்லி ஊற்றினால் அதில் சுமார் 10 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 8 விழுக்காடு ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் சுமார் 40 கிராம். பத்து கிராமைக் கரைக்கவே கல்லீரலுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் வேண்டும். பாரில் அளந்து ஊற்றுகிறார்கள்; வீட்டிலோ கண் அளவுதான். வெல்லமும் பழச்சாறும் மசாலாவும் காரத்தை மறைத்துவிடுவதால் குடிப்பவருக்கும் அளவு தெரிவதில்லை.

சூடாக்கினால் மது ஆவியாகிவிடும் என்ற நம்பிக்கையும் தவறு. கொதிக்கும் பாத்திரத்தில் ஊற்றி உடனே இறக்கினால் ஏறத்தாழ 85 விழுக்காடு ஆல்கஹால் அப்படியே இருக்கும். ஆகவே அளவுக் கோப்பை இல்லாமல் கலக்காதீர்கள். எதில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள். சாப்பாட்டை முதலில் பரிமாறுங்கள்.

ஒரே இரவில் அளவு மீறிக் குடிப்பவருக்கு, இதயநோய் இல்லாவிட்டாலும், இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். விடுமுறை நாட்களை ஒட்டி இப்படி வந்தவர்களைக் கண்ட அமெரிக்க மருத்துவர்கள் 1978-இல் இதற்கு 'ஹாலிடே ஹார்ட்' என்று பெயரிட்டார்கள். சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவருக்கு மதுவால் சர்க்கரை திடீரென இறங்கலாம். சளி மாத்திரை போட்டவருக்குத் தூக்கம் மிஞ்சும். கர்ப்பிணிக்கு ஒரு மடக்கும் கூடாது.

புகை வேண்டாம்

பனிமூட்டம் போலக் கோப்பையில் புகை எழ உலர்பனியும் திரவ நைட்ரஜனும் சேர்க்கும் பழக்கம் வீடுகளுக்கும் வந்திருக்கிறது. உலர்பனி மைனஸ் 78 டிகிரி. திரவ நைட்ரஜன் மைனஸ் 196. விழுங்கினால் உள்ளே உறைந்து புண்ணாகும். வாயுவாக விரியும்போது இரைப்பையே கிழியலாம். 2024-இல் பெங்களூருவில் ஒரு திருமண விருந்தில் திரவ நைட்ரஜன் சேர்த்த புகை பீடாவைத் தின்ற 12 வயதுச் சிறுமிக்கு இரைப்பையில் ஓட்டை விழுந்து அறுவை சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. எந்த அழகுக்காகவும் இவற்றை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

எக்நாக்கில் பச்சை முட்டையை ஊற்றுவதும் வேண்டாம். சால்மோனெல்லா கிருமி வரலாம். பாலோடு சேர்த்துக் கிளறி, கெட்டிப்படும்வரை காய்ச்சுங்கள்.

மது இல்லாமல் ஒரு கோப்பை

நம் பக்கத்துப் பழம் பெங்களூர் நீலத் திராட்சை. அரை கிலோ பழத்தை மசித்து, இரண்டு டம்ளர் தண்ணீர், ஒரு துண்டுப் பட்டை, நான்கு கிராம்பு, தட்டிய இஞ்சி சேர்த்துப் பத்து நிமிடம் சிறு தீயில் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். எலுமிச்சை பிழிந்து சூடாகக் கொடுத்தால் மசாலா ஒயினின் நிறமும் மணமும் கிடைக்கும். ஜாதிக்காய் ஒரு சிட்டிகை போதும். கரண்டிக் கணக்கில் போனால் அதுவே நஞ்சு. சர்க்கரை நோயாளிக்கு இந்தச் சாறு ஒத்துவராது. அவருக்குக் கொத்தமல்லி விதை, சீரகம், மிளகு வறுத்துப் பொடித்து, வெல்லம் போடாத கஷாயம் வையுங்கள். மது வேண்டாம் என்று சொல்லத் தயங்குபவர்களும் நிம்மதியாகக் கையில் ஏந்த ஒன்று இருக்கும்.

வழியனுப்பும்போது

100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். முதல் முறைக்கே பத்தாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். காபியோ குளியலோ போதையைக் குறைக்காது. நேரம் மட்டுமே குறைக்கும். எழுப்பியும் எழாதவரைத் தனியாக விடாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். ஒரு மடக்கு குடித்த எவரையும் நள்ளிரவில் ஓசூர் சாலைக்கு அனுப்பாதீர்கள். சாவியை வாங்கி வைத்துக்கொண்டு பாயை விரித்துக் கொடுங்கள்.