சிறிய எஞ்சினில் பெட்ரோல் கசிவு: கண்டுபிடிப்பதும் சரி செய்வதும்

கேத்தி, கோத்தகிரிப் பக்கம் ஓடைத் தண்ணீரை இறைத்துக் கேரட்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் பாய்ச்சுகிற பலரிடம் சிறிய பெட்ரோல் எஞ்சின் இருக்கிறது. பவர் வீடரிலும், எஸ்டேட் பங்களாக்களில் புல்வெளி வெட்டும் மெஷினிலும் இருப்பது ஏறக்குறைய இதே மாதிரி எஞ்சின்தான். இவற்றில் அடிக்கடி வருகிற கோளாறு பெட்ரோல் கசிவு. "ராத்திரி டேங்க் நிறைய வைத்துவிட்டு வந்தேன், விடிந்து பார்த்தால் பாதிதான் இருக்கு" என்பார்கள். பக்கத்துத் தோட்டக்காரர் மேல் சந்தேகப்படுவதற்கு முன்னால் எஞ்சினைக் கொஞ்சம் பாருங்கள்.

கசிவினால் காசு நஷ்டம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய நஷ்டங்கள் இரண்டு உண்டு. ஒன்று தீ. நம் ஊர்க் குளிரில் பெட்ரோல் எங்கே ஆவியாகப் போகிறது என்று நினைக்கக் கூடாது. மைனஸ் 40 டிகிரி குளிரில்கூடப் பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கும். உறைபனி விழும் ஜனவரி மாதத்து விடியற்காலை அதற்கு ஒரு குளிரே இல்லை. இந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து போய் அடுப்பிலோ கணப்பிலோ பற்றிக்கொள்ளும். ஆகவே கசிகிற மெஷினை வீட்டுக்குள்ளோ விறகு அடுப்பு எரியும் கொட்டகையிலோ ஒருநாளும் வைக்கக் கூடாது.

இரண்டாவது நஷ்டம் கண்ணுக்குத் தெரியாதது. பெட்ரோல் வெளியே சொட்டினால் நமக்குத் தெரிகிறது. சில சமயம் அது உள்பக்கமாக இறங்கி, சிலிண்டர் வழியாக எஞ்சின் ஆயிலில் கலந்துவிடும். ஆயில் தண்ணீர் மாதிரி இளகிப் போகும். அந்த நிலையில் எஞ்சினை ஓட்டினால் பிஸ்டனும் பேரிங்கும் தேய்ந்து எஞ்சினே போச்சு. இருபது, முப்பது ரூபாய் வாஷரில் முடிய வேண்டிய வேலை ஆயிரக்கணக்கில் கொண்டுபோய் விடும்.

கசிவைக் கண்டால் முதல் வேலை டேங்குக்குக் கீழே உள்ள பெட்ரோல் டேப்பை மூடுவது. பிறகு எஞ்சின் நன்றாக ஆறட்டும். ஸ்பார்க் பிளக் மேல் இருக்கும் ஒயரைக் கழற்றிவிடுங்கள். மெஷினைத் திறந்த வெளியில், சமதரையில் வையுங்கள். பீடி, சிகரெட், விளக்கு எதுவும் பக்கத்தில் வரக் கூடாது.

இப்போது துணியால் எல்லா இடத்தையும் ஈரமில்லாமல் துடைத்துவிட்டு, அடியில் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து, டேப்பைத் திறந்து கால் மணி நேரம் கவனியுங்கள். சொட்டுகிற இடத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. பெட்ரோல் மேலே ஓரிடத்தில் கசிந்து வழிந்து வேறோர் இடத்தில் சொட்டும். ஈரமான இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறதோ அதுதான் கசிவின் மூலம். டேங்க் மூடி, டேங்கின் அடி, டேப், ரப்பர் ஓஸ், கார்புரேட்டர் என்று மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வாருங்கள்.

மேட்டு நிலத்தில் மெஷினைச் சாய்த்து வைத்தால் மூடியின் காற்றுத் துளை வழியாகவும் கார்புரேட்டர் வழியாகவும் பெட்ரோல் வழியலாம். அது கோளாறு அல்ல, சமமாக வைத்தால் நின்றுவிடும். புல் வெட்டும் மெஷினை அடிப்பக்கம் சுத்தம் செய்யச் சாய்க்கும்போது கார்புரேட்டர் இருக்கும் பக்கம் மேலே வருகிற மாதிரி சாய்க்க வேண்டும்.

ஓஸ் கசிந்தால், பெரும்பாலும் கிளிப் போட்ட நுனியில்தான் வெடித்திருக்கும். நீளம் மிச்சம் இருந்தால் வெடித்த நுனியை வெட்டிவிட்டு மறுபடி மாட்டலாம். ஓஸ் முழுவதும் விறைத்துப் போயிருந்தால் புதிது போடுவதே நல்லது. பெட்ரோலுக்கென்று விற்கும் ஓஸைத்தான் வாங்க வேண்டும். தண்ணீர் டியூபும் சைக்கிள் டியூபும் பெட்ரோலில் ஊறிச் சீக்கிரமே கெட்டுவிடும். டேப்பின் இணைப்பிலோ கார்புரேட்டர் கிண்ணத்தின் போல்ட்டிலோ கசிந்தால் வாஷரை மாற்றுங்கள். பலம் கொண்ட மட்டும் முறுக்காதீர்கள். அலுமினிய மரை வழுக்கிவிட்டால் பிறகு கார்புரேட்டரையே மாற்ற வேண்டியதுதான்.

டேங்கில் ஓட்டை என்றால் வெல்டிங் வைக்க நினைக்க வேண்டாம். காலி டேங்க்தானே என்று நெருப்பைக் காட்டினால் உள்ளே நிற்கும் ஆவி வெடிக்கும். வேறு டேங்க் போடுவதே பத்திரம்.

இனி முக்கியமான இடம், கார்புரேட்டர். வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் மிதவைப் பந்து இருக்கிறதல்லவா? தண்ணீர் நிறைந்ததும் பந்து மேலே வந்து குழாயை அடைக்கும். கார்புரேட்டர் கிண்ணத்துக்குள்ளும் அதே மாதிரி ஒரு மிதவையும், வழியை அடைக்க ஊசி மாதிரி ஒரு வால்வும் இருக்கின்றன. ஊசிக்கும் அதன் துவாரத்துக்கும் நடுவில் ஒரு தூசி சிக்கினால் போதும், வால்வு மூடாது, பெட்ரோல் நிற்காமல் வழியும். மெஷின் நிற்கும்போதும் கசிந்தால் சந்தேகம் முதலில் இதன்மேல்தான்.

ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் கிண்ணத்தை இரண்டு மூன்று தடவை லேசாகத் தட்டிப் பாருங்கள். சிக்கிய தூசி விலகிக் கசிவு நின்றுவிடுவது உண்டு. நிற்காவிட்டால், டேப்பை மூடி, அடியில் ஒரு தகரக் கிண்ணம் வைத்து, கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றுங்கள். வாரண்டி முடியாத மெஷினாக இருந்தால் நீங்கள் பிரிக்காமல் விற்ற கடைக்கே கொண்டுபோங்கள்.

கிண்ணத்தின் அடியில் துருவோ மண்ணோ தண்ணீர்க் குமிழோ இருக்கிறதா பாருங்கள். மிதவையைக் காதருகே வைத்து ஆட்டுங்கள். உள்ளே பெட்ரோல் குலுங்கினால் அது ஓட்டை மிதவை, மிதக்காது, மாற்ற வேண்டும். ஊசியின் முனையில் வளையம் போலத் தேய்மானம் விழுந்திருந்தால் ஊசியையும் மாற்றுங்கள். வெறும் அழுக்குத்தான் என்றால் சுத்தமான பெட்ரோலில் கழுவி, காற்று அடித்து மாட்டினால் போதும். கம்பி விட்டுக் குத்தாதீர்கள். துவாரம் பெரிதானால் பெட்ரோல் செலவு கூடிவிடும்.

மாட்டி முடித்ததும் உடனே ஸ்டார்ட் செய்ய வேண்டாம். டேப்பைத் திறந்து, காகிதம் கால் மணி நேரம் நனையாமல் இருக்கிறதா பாருங்கள். பிறகு ஆயில் அளவுக் குச்சியை எடுத்துப் பாருங்கள். ஆயில் மட்டம் கூடியிருந்தாலோ பெட்ரோல் வாடை அடித்தாலோ அந்த ஆயிலை முழுவதும் வடித்துப் புது ஆயில் ஊற்றிய பிறகுதான் எஞ்சினை ஓட்ட வேண்டும். வடித்ததை ஓடையிலோ பாத்தியிலோ கொட்டாமல் டப்பாவில் பிடித்துப் பட்டறையில் கொடுங்கள்.

முதுகிலோ தோளிலோ மாட்டும் களை வெட்டும் மெஷினில் வேறு மாதிரி. அதைச் சாய்த்துச் சாய்த்து வேலை செய்வதால் பெரும்பாலும் மிதவை இல்லாத கார்புரேட்டரே இருக்கும். அதில் டேங்குக்குள் போகும் மெல்லிய டியூப், அது நுழையும் ரப்பர் வளையம், கையால் அமுக்கும் ரப்பர்க் குமிழ் ஆகிய மூன்றையும் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

வரும் முன் காப்பது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2023 பிப்ரவரியில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது. இப்போது பெரும்பாலான பங்குகளில் அதுதான். எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். நம் மலையிலோ மூடுபனிக்குப் பஞ்சமில்லை. பழைய எஞ்சின்களின் ரப்பர் பாகங்களையும் அது கெடுக்கக் கூடும். ஆகவே மாதக்கணக்கில் டேங்கில் பெட்ரோலைத் தேக்கி வைக்காதீர்கள். மழைக்காலத்தில் மெஷினை ஓய்வாக வைப்பதற்கு முன் டேங்கை வடித்துவிட்டு, கார்புரேட்டரில் மிச்சம் இருப்பது தீரும்வரை ஓட்டி நிறுத்துங்கள். பெட்ரோல் ஊற்றும்போது சல்லடை வைத்த புனலில் ஊற்றுங்கள்.

எல்லாவற்றையும்விட எளிய வைத்தியம் ஒன்று இருக்கிறது. வேலை முடிந்ததும் ஒவ்வொரு நாளும் டேப்பை மூடிவிட்டு வீட்டுக்கு வாருங்கள். ஊசி வால்வு கெட்டிருந்தாலும் அன்று இரவு ஒரு சொட்டுகூட எஞ்சினுக்குள் இறங்காது.