இந்த வாரம் வெளியேறப் போவது யார்?



முதுகுளத்தூர் வட்டாரத்தில் குழுக் கூட்டங்களுக்குப் போய்வருகிற நாங்கள், பிக் பாஸ் ஓடுகிற மாதங்களில் ஒன்றைக் கவனிக்கிறோம். சேமிப்புப் பணத்தை எண்ணி முடிப்பதற்குள் பேச்சு அங்கே போய்விடும். "இந்த வாரம் அவதாங்க்கா போவா." "இல்லத்தா, அவள சனங்க காப்பாத்திருவாக." இப்படியே கால் மணி நேரம் ஓடிவிடும்.

டிவி பார்க்காதீர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. பகல் முழுக்க மிளகாய்க் காட்டிலும் கரி மூட்டத்திலும் பாடுபட்டு வந்து, ராத்திரி கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்ப்பதில் என்ன தப்பு? ஆனால் பார்க்கிற ஆட்டத்தின் சூட்சுமம் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஆட்டத்தின் வழக்கம் நமக்கே தெரியாமல் குழுவுக்குள் நுழைந்துவிடக் கூடாது. அதைத்தான் இந்த இதழில் பேசப் போகிறோம்.

எங்கிருந்து வந்தது?

ஐரோப்பாவில் உள்ள நெதர்லாந்து நாட்டில் 1999-ஆம் ஆண்டு 'பிக் பிரதர்' என்ற நிகழ்ச்சி தொடங்கியது. உருவாக்கியவர் ஜான் டி மோல். ஒரு வீட்டுக்குள் சிலரைப் பூட்டி வைத்து, எந்நேரமும் கேமராவில் படம் பிடித்து, ஒவ்வொருவராக வெளியே அனுப்புவதுதான் ஆட்டம். பல நாடுகளுக்குப் பரவி, 2006-ல் இந்தியில் 'பிக் பாஸ்' என்ற பெயரில் வந்தது. தமிழில் 2017 ஜூன் மாதம் விஜய் டிவியில் ஆரம்பித்தது. முதல் ஏழு வருடத் தொடர்களைக் கமல்ஹாசன் நடத்தினார். 2024-ல் எட்டாவது தொடரை விஜய் சேதுபதி ஏற்றார்.

இதே மாதிரி வேறு ஆட்டங்களும் உண்டு. 2006-ல் தொடங்கிய சூப்பர் சிங்கரில் பாட்டுப் பாடி ஒவ்வொரு கட்டமாகத் தாண்ட வேண்டும். 2018-ல் புதுக்கோட்டைப் பக்கத்து நாட்டுப்புறப் பாடகர் செந்தில் கணேஷ் அதில் ஜெயித்ததை நம் ஊர்களில் பலரும் தங்கள் வீட்டுப் பிள்ளை ஜெயித்த மாதிரி பேசினார்கள். 2021-ல் ஜீ தமிழில் அர்ஜுன் நடத்திய சர்வைவர், தீவில் விட்டுப் பிழைக்கச் சொல்லும் ஆட்டம். அதில் ஒரு கோடி ரூபாய் பரிசை வென்றவர் நடிகை விஜயலட்சுமி.

நம்மை ஏன் இழுக்கிறது?

முதல் காரணம், அந்த வீடு நமக்குத் தெரிந்த வீடு மாதிரியே இருக்கிறது. யார் சமைப்பது, யார் பாத்திரம் கழுவுவது, யார் வேலைக்குச் சாக்குச் சொல்வது என்பதில்தான் பாதிச் சண்டை. கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்த யாருக்கும் இது புதிதல்ல. சினிமாவில் பார்த்த முகம், அரிசி பத்தவில்லை என்று சண்டை போடும்போது பக்கத்து வீட்டு மதினி மாதிரி தெரிகிறது.

இரண்டாவது, முடிவு. சீரியல் வருடக் கணக்கில் இழுக்கும். இங்கே வாரக் கடைசியில் பெரும்பாலும் ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். அடுத்தது யார் என்ற எதிர்பார்ப்பு திங்கட்கிழமையே ஆரம்பமாகிவிடும்.

மூன்றாவது, நம் ஓட்டு. பார்க்கிற நாமும் ஆட்டத்துக்குள் இருக்கிறோம் என்ற நினைப்பு வருகிறது.

நான்காவது காரணத்தை யாரும் வெளியே சொல்வதில்லை. ஒதுக்கப்படுவது எப்படி இருக்கும் என்று பெண்களுக்கு நன்றாகவே தெரியும். புகுந்த வீட்டில், சொந்த பந்தத்தில், விசேஷ வீட்டில் யாராவது நம்மை ஒதுக்கியிருப்பார்கள். அதே வலியைத் திரையில் இன்னொருத்தி படும்போது கண் எடுக்க முடியாமல் பார்க்கிறோம்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். 24 மணி நேரம் எடுத்ததை வெட்டி ஒட்டி ஒன்று, ஒன்றரை மணி நேரமாகச் சுருக்கித்தான் டிவியில் காட்டுகிறார்கள். ஒருத்தி பத்து நிமிடம் கோபப்பட்டதைக் காட்டிவிட்டு, பகல் முழுக்கச் சிரித்துப் பேசியதை விட்டுவிட்டால் அவள் கோபக்காரி ஆகிவிடுவாள். நாம் பார்த்தது பொய் இல்லை, ஆனால் முழுசும் இல்லை.

ஓட்டுக் கணக்கு

தமிழ் பிக் பாஸில் வீட்டுக்குள் இருப்பவர்கள் பொதுவாக ஆளுக்கு இரண்டு பேர் பெயரைச் சொல்லி, காரணமும் சொல்வார்கள். இதுதான் நாமினேஷன். அதிகம் பேர் சொன்ன பெயர்கள் மக்கள் ஓட்டுக்கு வரும். நாம் போடுவது 'வெளியே அனுப்பு' என்ற ஓட்டு இல்லை, 'காப்பாற்று' என்ற ஓட்டு. இதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு பேர் மாட்டியிருக்கிறார்கள், 100 பேர் ஓட்டுப் போடுகிறார்கள். முதலாமவள் சண்டைக்காரி. 70 பேருக்கு அவளைக் கண்டாலே ஆகாது. ஆனால் 30 பேருக்கு அவள்தான் உயிர். அந்த 30-ம் அவளுக்கே விழும். மீதி 70 ஓட்டு மற்ற மூவருக்கும் 28, 24, 18 என்று பிரிகிறது. வெளியே போவது 18 வாங்கியவள். அவள் யாரோடும் சண்டை போடவில்லை, அவளை யாரும் வெறுக்கவுமில்லை. ஆனால் அவளுக்காக விழுந்தடித்து ஓட்டுப் போடவும் ஆள் இல்லை.

இதையே 'வெளியே அனுப்பு' ஓட்டாக மாற்றினால் 70 பேரும் சண்டைக்காரியை அனுப்பிவிடுவார்கள். ஆட்கள் அதேதான், விதி மாறினால் முடிவே மாறிவிடுகிறது. "இவ்வளவு சண்டை போடுறவ எப்படித்தான் தப்பிக்கிறாளோ" என்று கேட்கிறோமே, அதற்குப் பதில் இதுதான். அதனால்தான் ஆட்டம் தெரிந்தவர்கள் எல்லாருக்கும் நல்லவராக இருக்கப் பார்ப்பதில்லை. தனக்கென்று ஒரு கூட்டம் சேர்க்கப் பார்க்கிறார்கள்.

கூட்டு சேர்வதும் அதன் பலனும்

அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு சர்வைவர் ஆட்டத்தின் முதல் தொடர் நடந்தது. 16 பேர், 39 நாள், பரிசு 10 லட்சம் டாலர். அங்கே வெளியேற்றும் ஓட்டைப் போடுவது ஆட்டக்காரர்களே. ரிச்சர்ட் ஹேட்ச் என்பவர் இன்னும் மூன்று பேரோடு ரகசியமாகக் கூட்டு சேர்ந்தார். நால்வரும் ஒரே பெயரை எழுதினார்கள். எதிர்ப்பக்கத்தில் இருந்தவர்கள் ஆளுக்கொரு பெயரை எழுதி ஓட்டைச் சிதறடித்து, ஒவ்வொருவராக வெளியே போனார்கள். ஆனால் கடைசியில் இருவர் மிஞ்சும்போது யார் ஜெயித்தவர் என்று முடிவு செய்வது, முன்பு வெளியே அனுப்பப்பட்டவர்கள்! அந்த ஏழு பேரில் நான்கு பேர் ஓட்டால்தான் ஹேட்ச் ஜெயித்தார். ஒருவரை அனுப்புவது மட்டுமல்ல, எந்த மனநிலையில் அனுப்புகிறோம் என்பதும் அங்கே கணக்கில் வருகிறது.

எல்லாரும் சேர்ந்து ஒருவரை மட்டம் தட்டினால் பார்க்கிறவர்கள் மனது அந்தப் பக்கம் சாயும். 2007 ஜனவரியில் இங்கிலாந்தில் பிரபலங்கள் பங்கேற்ற பிக் பிரதரில் நம் நாட்டு நடிகை ஷில்பா ஷெட்டி இருந்தார். சிலர் அவருடைய பேச்சையும் சமையலையும் கேலி செய்து, இனத்தைச் சொல்லி இழிவுபடுத்தினார்கள். 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகார்கள் குவிந்தன. முன்னால் நின்று பேசிய ஜேட் கூடியை மக்கள் வெளியே அனுப்பினார்கள். கடைசியில் ஜெயித்தவர் ஷில்பா. தமிழில் 2017-ல் ஓவியாவுக்கு நடந்ததும் இந்த வகைதான். வீட்டுக்குள் தனியாகிப்போன அவருக்கு வெளியே மக்கள் ஆதரவு மலைபோல இருந்தது. ஆனாலும் மன அழுத்தம் தாங்காமல் ஆகஸ்டில் அவரே வெளியேறினார். வெளியே எத்தனை பேர் கை தட்டினாலும், உள்ளே தனியாக இருப்பவளுக்கு அந்தச் சத்தம் கேட்பதில்லை.

பெட்டியை எடுப்பதா, காத்திருப்பதா?

கடைசி வாரங்களில் ஒரு பணப்பெட்டி வைப்பார்கள். எடுத்துக்கொண்டு போய்விடலாம், அல்லது பெரிய பரிசுக்குக் காத்திருக்கலாம். 2024 ஜனவரியில் பூர்ணிமா 16 லட்ச ரூபாயோடு வெளியேறினார். அந்த முறை ஜெயித்த அர்ச்சனாவுக்கான பரிசுத் தொகை 50 லட்சம். நடுவில் வந்து சேர்ந்து ஜெயித்த முதல் ஆள் அவர். பெட்டியை எடுத்தவரைச் சிலர் கேலி பேசினார்கள். நமக்கு அது புரியாத கணக்கா? முண்டு மிளகாயை இன்றைய விலைக்கே கமிஷன் கடையில் போடுவதா, விலை ஏறட்டும் என்று வைத்திருப்பதா என்று நாம் வருடா வருடம் போடுகிற கணக்குதானே.

ஒரு எச்சரிக்கை: டிவி போட்டியில் பரிசு விழுந்திருக்கிறது, முன்பணம் கட்டுங்கள் என்று போனில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஓ.டி.பி. எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

இந்த ஆட்டம் குழுவுக்குள் வந்தால்?

டிவி ஆட்டத்தில் ஒருவர் போனால் மற்றவருக்கு லாபம். கடைசியில் ஒருவர்தான் மிஞ்ச வேண்டும். குழுவில் ஒருவர் போனால் எல்லாருக்கும் நஷ்டம்.

15 பேர் உள்ள குழு மாதம் 100 ரூபாய் சேமித்தால் வருடத்துக்கு 18,000 ரூபாய். மூன்று பேரை அனுப்பிவிட்டால் 14,400 ரூபாய்தான். போனவர்களின் சேமிப்பையும் திருப்பித் தர வேண்டும். குழு நிதி குறைந்தால் வங்கியில் கேட்கும் கடனும் குறையும். அவர்கள் வாங்கிய உள்கடன் நிலுவையில் இருந்தால் வசூலிப்பது இன்னும் கஷ்டம்.

ஒருவரை ஒதுக்குவது எப்படித் தொடங்குகிறது? கூட்டத்துக்கு முன்பே நாலு பேர் தண்ணீர்க் குழாயடியில் பேசி வைத்துக்கொள்வது. அவள் இல்லாத நேரத்தில் அவள் பெயரை எடுப்பது. "அவ ஒழுங்கா வர்றதே இல்ல" என்று ஒரு காரணம் சொல்வது. ஏன் வரவில்லை என்று மட்டும் கேட்காமல் விடுவது. பிறகு தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவது. இது நாமினேஷன்தானே சகோதரிகளே?

ஓட்டுக் கணக்கில் பார்த்த அந்தப் 18 ஓட்டுக்காரியை மறுபடி நினைத்துப் பாருங்கள். நம் குழுக்களிலும் கடன் கொடுக்கும்போது விடுபடுவது பெரும்பாலும் சத்தம் போடுகிறவள் இல்லை, வாய் திறக்காதவள்தான். கைம்பெண்ணாக இருப்பாள், படிக்கத் தெரியாதவளாக இருப்பாள், ஊருக்குப் புதிதாக வாழ வந்தவளாக இருப்பாள். அவளுக்காகப் பேச யாரும் இருப்பதில்லை.

அதனால் குழுவில் ஒருவர் பெயர் அடிபடும்போது இவற்றைச் செய்யுங்கள்:

1. அவர் இல்லாத கூட்டத்தில் அவரைப் பற்றி முடிவெடுக்க வேண்டாம். ஊக்குநரும் ஒரு பிரதிநிதியும் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். நோயா, மகசூல் பொய்த்ததா, பிழைப்புக்கு வெளியூர் போனார்களா என்று தெரிந்துகொள்ளுங்கள்.

2. தவணை கட்ட முடியாதவருக்குத் தொகையைக் குறைத்து, காலத்தை நீட்டி, அதைத் தீர்மானமாக எழுதுங்கள்.

3. கூட்டத்தில் எல்லாரும் வட்டமாக உட்காருங்கள். ஒவ்வொருவரும் ஒரு வார்த்தையாவது பேசிய பிறகே முடிவெடுங்கள்.

4. கடன் யாருக்கு என்று பேசும்போது, இதுவரை ஒரு முறைகூடக் கடன் வாங்காதவர் பெயரை முதலில் வாசியுங்கள்.

5. ஒருவர் விலகியே ஆக வேண்டும் என்றால் அவர் சேமிப்பு, கடன், வட்டி எல்லாவற்றையும் அவர் முன்னாலேயே கணக்குப் பார்த்து முடித்து, எழுதிக் கொடுங்கள்.

டிவியில் வெளியேறியவர் காரில் ஏறிப் போய்விடுவார். நாம் அனுப்பியவர் அதே தெருவில்தான் இருப்பார். அதே பஸ்ஸில் பரமக்குடிக்கு வருவார். நாளைக்கு நம் வீட்டில் ஒரு கஷ்டம் என்றால் முதலில் ஓடி வருபவரும் அவராகவே இருக்கலாம்.

அடுத்த கூட்டத்தில் கலந்து பேசுங்கள்:

* நம் குழுவிலிருந்து இதுவரை விலகியவர்கள் எத்தனை பேர்? ஒவ்வொருவரும் என்ன காரணத்தால் போனார்கள்?

* அவர்களில் யாரையாவது மறுபடி அழைக்க முடியுமா?

* கடந்த மூன்று கூட்டங்களில் ஒரு வார்த்தைகூடப் பேசாத உறுப்பினர் யார்?

பேசி எடுத்த முடிவைத் தீர்மான நோட்டில் எழுதி, கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது எடுத்து வாருங்கள். எல்லாக் குழுக்களும் கேட்கும்படி அங்கே வாசிப்போம்.